செவ்வாய் இரவு, சிவப்பு மூடி

எட்டு வாரம் முப்பத்தேழு பாகையில்
சீனித் தண்ணீரோடு கிடந்த புரதம்
நேற்றுக் காலை தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.
அடுப்பு இல்லை, கொதி இல்லை,
கிண்டிவிட ஆளில்லை.
உடம்புச் சூடு போதும்.
விட்டுவைத்தால் எதுவும் பாகாகும்.

வெஸ்ட்மீடில் நான்காம் மாடி.
சன்னலுக்குக் கீழே ட்ராம் மணியடித்துத் திரும்புகிறது.
பிற்பகல் மூன்றே முக்காலுக்கு
அறுவை அரங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது
ஒரு கல்லீரல் ஓரம்.
பெயர் இல்லை. ஆண். ஐம்பத்தாறு வயது.
எண் நூற்றுப் பன்னிரண்டு.
கல் என்று அதற்கு எவர் பெயர் வைத்தாரோ,
கையுறைக்குள் அது
நனைந்த பாணைப் போல இளகிக் கிடந்தது.

அதன் நுண்குழாய்ச் சுவரில்
தட்டையாய்ப் படுத்திருக்கும் செல்கள்தான் எனக்கு வேண்டும்.
ஊரெல்லாம் குப்பை பொறுக்குகிற செல்கள்.
கிழிந்த புரதம், நைந்த நார்,
சீனி ஒட்டிப் பழுத்துப்போனது,
எது மிதந்து வந்தாலும் உள்ளே இழுத்துக்
கரைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டும்.
மேலெல்லாம் பொடிப் பொடியாய் ஓட்டை.
சல்லடைக்கு இருப்பதைக் கண் என்கிறோமே,
அந்தக் கண்.

ஒரு தட்டுக்கு வெறும் புரதம் கொடுத்தேன்,
மற்றதுக்குத் தேநீர் நிறத்தது.
ஓர் இரவு, ஒரு பகல்.
பிறகு இரண்டுக்கும் ஒரே குப்பை,
பச்சையாய் ஒளிரச் சாயம் பூசி.

இருட்டறையில் இருந்து எண்ணினேன்.
முதல் தட்டு,
விமானம் இறங்கும்போது தெரியும் பரமட்டா.
இரண்டாவது, கரண்ட் போன பரமட்டா;
அங்கொன்று இங்கொன்று
யாரோ ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்.
கண்களைப் பார்க்க வேறு நுண்ணோக்கி வேண்டும்,
அது வியாழக்கிழமைதான் கிடைக்கும்.
பாதி மூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.
நினைத்ததை நோட்டில் எழுதவில்லை.

"ஒப்பீட்டுத் தட்டு சுத்தம்தானே?"
கதவில் சாய்ந்து டிராஷென்கா கேட்டாள்.
புரதம் சுத்தம் என்றேன்.
செல்லுக்கு ஐம்பத்தாறு வயது.
எத்தனை பிறந்தநாள் கேக், எத்தனை கோலா,
இரவு மூன்று மணிக்குக் குளிர்பெட்டி வெளிச்சத்தில்
நின்றபடியே தின்ற எத்தனை ஐஸ்கிரீம்.
அவள் சிரித்து,
குறைபாடுகள் பகுதியில் போடு என்று போய்விட்டாள்.

எங்கள் பேச்சில் இதற்குச் சீனி வருத்தம் என்று பெயர்.
வருத்தம் என்றால் நோய், அவ்வளவுதான்.
கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து
அவ்வளவுதான் என்றே சொல்லிவருகிறேன்.

டூங்காபியில் இறங்கும்போது எட்டரை.
வாசலில் சிவப்பு மூடித் தொட்டி
போன வாரக் குப்பையோடு அப்படியே நின்றது.
மூடி சரியாக மூடவில்லை என்று
லாரிக்காரன் ஸ்டிக்கர் ஒட்டிப் போயிருந்தான்.
அமுக்கிப் பார்த்தேன். அமுங்கவில்லை.
கையை விட்டேன்.
பழைய பேப்பரில் சுற்றி, அதன்மேல் பையில் கட்டி,
அடியில் ஐந்து கன்டென்ஸ்ட் மில்க் டின்.
மஞ்சள் தொட்டியில் போட்டால் கண்ணில் படும் என்று
சிவப்புக்குள் ஒளித்திருக்கிறார் குகநேசன்.
விளிம்பில் ஒட்டியிருந்த பால்
தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் விரலைக் குத்தி
எண்ணைச் சொல்வார்.
நான் காலண்டரில் எழுதுவேன்.
எண் ஏறிக்கொண்டே போனது.
நானும் கேட்கவில்லை,
எட்டு வாரமாய்.

"பாரமெண்டா விடும், நான் இழுக்கிறன்"
மேல் சன்னலிலிருந்து குரல்.

தகரம் மஞ்சள் மூடிக்கு உரியது.
ஒவ்வொன்றாய் எடுத்து,
தெரு முனைவரை கேட்கும்படி
உள்ளே போட்டேன்.
நாலாவதுக்கு
மேலே விளக்கு அணைந்தது.
ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றேன்.
படியில் அவர் செருப்புச் சத்தம்.